இடம் இருக்கிறது, வேண்டிய இடத்தில் இல்லை

2012-இல் லண்டனைச் சுற்றியுள்ள விமான நிலையங்களின் கொள்ளளவைக் காகிதத்தில் கூட்டிப் பார்த்தவருக்குக் கவலைப்பட ஒன்றும் இருந்திருக்காது. ஸ்டான்ஸ்டெட் ஆண்டுக்கு 3.5 கோடிப் பயணிகள் வரை கையாள அனுமதி வாங்கி வைத்திருந்தது. அந்த ஆண்டு வந்துபோனவர்கள் சுமார் 1.75 கோடிப் பேர்தான். பாதி நிலையம் காலி. ஹீத்ரோவிலோ ஈ நுழைய இடமில்லை. இறங்குவதும் ஏறுவதும் சேர்த்து ஆண்டுக்கு 4.8 லட்சம் முறைக்கு மேல் போகக் கூடாது என்று ஐந்தாவது டெர்மினலுக்கு அனுமதி தரும்போதே நிபந்தனை போட்டிருந்தார்கள். இரண்டு ஓடுபாதைகளும் அந்த வரம்பை ஏறத்தாழ முட்டிக்கொண்டு ஓடின.

ஒரு வட்டாரத்தின் விமான நிலையங்கள் எதிர்காலத் தேவைக்குப் போதுமா என்று கேட்கும் அறிக்கைகள் பலவும் இங்கேதான் முதலில் சறுக்குகின்றன. எல்லா நிலையங்களின் கொள்ளளவையும் ஒரு பக்கம் கூட்டி, இருபது ஆண்டு கழித்து வரப்போகும் பயணிகளை மறுபக்கம் எழுதி, கழித்துப் பார்த்து, மிச்சமா பற்றாக்குறையா என்று சொல்லிவிடுகிறார்கள். ஒரு ஏரி நிரம்பினால் கலிங்கு வழியாகத் தண்ணீர் அடுத்த ஏரிக்குப் போய்விடும். பயணிகள் அப்படிப் போவதில்லை. விமான நிறுவனங்கள் சுத்தமாகப் போவதில்லை.

அதனால் வழிகளை ஒப்பிடும் முன், எதை அளப்பது என்பதைச் சரிசெய்துகொள்ள வேண்டும்.

ஆண்டுக் கணக்கு ஏமாற்றும். நெரிசல் என்பது மணிக்கணக்கில் நடப்பது. அதிகாலை மூன்று மணிக்குக் காலியாகக் கிடக்கும் ஓடுபாதையால் காலை ஏழு மணி விமானத்துக்கு எந்தப் பயனும் இல்லை. பிரிட்டனில் வழக்கமாக ஓராண்டின் எல்லா மணி நேரங்களையும் நெரிசல் வரிசைப்படி அடுக்கி, முப்பதாவது இடத்தில் வரும் மணியை எடுத்துக்கொள்வார்கள். பண்டிகை நாளின் உச்சத்துக்காகக் கட்டடம் கட்டினால் மற்ற நாளெல்லாம் அது காலியாக நிற்கும். சராசரி நாளுக்காகக் கட்டினால் வாராவாரம் மூச்சுத்திணறும். இரண்டுக்கும் நடுவில் எடுத்த சமரசம் அது.

அந்த மணி நேரத்துக்குள்ளும் எது முதலில் நிரம்புகிறது என்று பார்க்க வேண்டும். ஓடுபாதை, விமானம் நிற்கும் இடம், பாதுகாப்புச் சோதனை, குடியேற்ற வரிசை, பைகள் வரும் பெல்ட், வெளியே போகும் சாலை எல்லாம் ஒரே சங்கிலியின் கண்ணிகள். டெர்மினலைப் பெரிதாக்கிவிட்டுக் கொள்ளளவு இரட்டிப்பாகிவிட்டது என்று அறிவிப்பது எளிது. ஓடுபாதை அதேதான் என்றால், மக்கள் நிற்கக் கூடுதல் இடம் கிடைத்திருக்கிறது, அவ்வளவே.

இன்னொன்று தாமதத்தின் குணம். ஓடுபாதை எழுபது சதவீதம் நிரம்பியிருக்கும்போது ஒரு விமானம் பத்து நிமிடம் பிந்தினால் அடுத்த காலி இடத்தில் நுழைந்துவிடும். தொண்ணூற்றைந்தைத் தாண்டியபின் அதே பத்து நிமிடம் மாலைவரை ஒவ்வொரு விமானத்தையும் தொட்டுக்கொண்டே போகும். பனிமூட்டம் வந்தால் நாளே போனது. ஆகவே முழுக் கொள்ளளவு என்ற எண்ணே அரைகுறை. எத்தனை நிமிடத் தாமதத்தைப் பொறுத்துக்கொள்வோம் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அதற்கு அர்த்தம் வரும்.

அடுத்தது, எத்தனை பேர் வருவார்கள் என்ற கணிப்பு. இதில் என் நம்பிக்கை மிகக் குறைவு. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் ஒரு காலத்தில் டி.டபிள்யூ.ஏ. நிறுவனத்தின் மையத் தளம். 2000-இல் ஏறத்தாழ 3 கோடிப் பேர் வந்துபோனார்கள், அதில் பெரும்பங்கு விமானம் மாறிப் போகிறவர்கள். புதிய ஓடுபாதை வேண்டும் என்று பக்கத்து ஊரான பிரிட்ஜ்டனில் ஏறக்குறைய 2,000 வீடுகளை வாங்கி இடித்தார்கள். 2001-இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் டி.டபிள்யூ.ஏ.-வை வாங்கியது. 2003-இல் அங்கிருந்த சேவைகளை வெட்டித் தள்ளியது. 100 கோடி டாலருக்கு மேல் செலவான ஓடுபாதை 2006-இல் திறந்தபோது பயணிகள் பாதியாகியிருந்தார்கள். கணக்குப் போட்டவர்கள் முட்டாள்கள் இல்லை. அந்த ஊருக்கு வருகிறவர்கள் யார், அந்த ஊர் வழியாகச் சும்மா போகிறவர்கள் யார் என்று அவர்கள் பிரித்துப் பார்த்திருக்க வேண்டும். ஊருக்கு வருகிறவர்கள் நாளைக்கும் வருவார்கள். விமானம் மாறுகிறவர்கள் ஒரு நிறுவனத்தின் இயக்குநர் குழு கூடிக் கலைவதற்குள் காணாமல் போவார்கள்.

ஹவர்ட் டேவிஸ் தலைமையில் 2012-இல் பிரிட்டன் அமைத்த விமான நிலைய ஆணையம் இந்த விஷயத்தில் கொஞ்சம் நேர்மையாக நடந்துகொண்டது. ஒரே வளைகோட்டைக் காட்டாமல், மலிவு விமானங்கள் ஆதிக்கம் பெறும் உலகம், ஐரோப்பா பின்தங்கும் உலகம் என்றெல்லாம் ஐந்து எதிர்காலங்களை வரைந்து, ஒவ்வொரு வழியையும் ஐந்திலும் ஓட்டிப் பார்த்தது. எந்த வட்டாரமும் குறைந்தபட்சம் இதைச் செய்யலாம்.

இனி வழிகள்.

இருப்பதைப் பிழிவது

இதைத்தான் நான் முதலில் வைப்பேன். திறப்பு விழா இல்லாத வேலை என்பதால் அரசியல்வாதிகளுக்கு இதில் ருசி இல்லை. லண்டனின் இன்னொரு நிலையமான கேட்விக் ஒரே முதன்மை ஓடுபாதையை வைத்துக்கொண்டு 2019-இல் 4.6 கோடிப் பேரைக் கையாண்டது. நெரிசல் மணியில் 55 விமானங்கள், அதாவது 65 விநாடிக்கு ஒன்று. ஒரு விமானம் தரை தொட்டு, வேகம் குறைத்து, சாய்வான வெளியேறு வழியில் திரும்பும்போதே அடுத்தது ஏறுவதற்காக ஓடுபாதைக்குள் நுழைந்து நிற்கும். அது கிளம்பியதும் அதற்குப் பின்னால் இறங்க வருவது தெரியும். ஒரு விமானி வெளியேறு வழியைத் தவறவிட்டு அடுத்ததுவரை ஊர்ந்தால், அந்த இருபது விநாடியைக் கட்டுப்பாட்டுக் கோபுரம் வேறெங்கோ கடன் வாங்க வேண்டும்.

பிழிவதற்கு இன்னும் இடம் உண்டு. பெரிய விமானத்தின் இறக்கைகள் பின்னால் சுழல்காற்றை விட்டுச் செல்கின்றன. கனரக வகை விமானத்தின் பின்னால் நடுத்தர வகை வந்தால் 5 கடல் மைல் இடைவெளி விட வேண்டும் என்பது பழைய சர்வதேச வழக்கம். கனரகத்தின் பின்னால் கனரகமே வந்தால் 4 போதும். எனவே பெரியவற்றையும் சிறியவற்றையும் மாற்றி மாற்றி விடாமல் கொத்துக் கொத்தாக வரிசைப்படுத்தினாலே ஒரு மணி நேரத்தில் இரண்டு மூன்று விமானங்கள் கூடும். ஹீத்ரோ 2015-இல் எதிர்க்காற்று பலமாக வீசும் நாட்களில் தூரத்தால் அல்லாமல் நேரத்தால் இடைவெளி கணக்கிடும் முறைக்கு மாறியது. காற்றடித்தாலே வரிசை குலைந்த பழைய நிலை அதனால் குறைந்தது.

பெரிய விமானங்களைக் கொண்டுவருவது அடுத்த உத்தி. ஹீத்ரோவில் 2005-இல் 6.8 கோடிப் பயணிகள், 2019-இல் 8.1 கோடி. இடையில் விமானங்களின் எண்ணிக்கை கூடவே இல்லை. ஒரு கோடிக்கும் மேற்பட்ட பேருக்கு ஒரு அடி ஓடுபாதைகூடக் கூடுதலாகப் போடாமல் இடம் கிடைத்தது.

இந்த வழியின் முள் ஸ்லாட் முறையில், அதாவது விமானம் ஏறவும் இறங்கவும் நேரம் ஒதுக்கும் முறையில் இருக்கிறது. ஒரு பருவத்தில் தன் ஸ்லாட்டுகளில் 80 சதவீதத்தைப் பயன்படுத்திய நிறுவனம் அடுத்த பருவத்தில் அதே நேரங்களைத் தனக்கே வைத்துக்கொள்ளலாம். பழைய குடிக்குப் பட்டா கொடுத்ததுபோல. காலை ஏழு மணியில் ஐம்பது பேரோடு பறக்கும் சிறு விமானத்தை நகர்த்திவிட்டு முந்நூறு பேர் விமானத்தை அங்கே வைக்க நிலையத்துக்கு அதிகாரமில்லை. நெரிசல் நேரத்துக்கு அதிகக் கட்டணம் என்பது பொருளாதார வகுப்பறையில் அழகாக இருக்கும். நடைமுறையில் சிறு நகரங்களின் பிரதிநிதிகள் கொதித்தெழுவார்கள், அவர்கள் கோபத்திலும் நியாயம் உண்டு.

பிழிவதன் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். இந்த வழி பத்து, பதினைந்து ஆண்டு வாங்கித் தரும். கடைசிச் சொட்டுவரை பிழிந்த நிலையம் ஒரு புயல் நாளில் சுருண்டு விழும்.

இருக்கும் இடத்திலேயே இன்னொரு ஓடுபாதை

கேட்கும்போது இது நடுவழி மாதிரி தெரியும். இடம் இருக்கிறதா என்பதைவிட, எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதே கேள்வி. இணையான இரண்டு ஓடுபாதைகளில் ஒன்றையொன்று கண்டுகொள்ளாமல் ஒரே நேரத்தில் இறங்க வேண்டுமானால் சர்வதேச விதிப்படி நடுக்கோடுகளுக்கு இடையே குறைந்தது 1,035 மீட்டர் வேண்டும். ஒன்றில் இறங்கி மற்றதில் ஏறுவது மட்டும் போதுமென்றால் 760 மீட்டர். அதற்கும் கீழே போனால் இரண்டு ஓடுபாதை இருந்தும் ஒன்றரை ஓடுபாதையின் பலன்கூடக் கிடைக்காமல் போகலாம்.

கேட்விக்கில் இரண்டாவதாக ஒரு பாதை எப்போதும் இருந்தது, அவசரத்துக்கு மட்டும். முதன்மைப் பாதையிலிருந்து 200 மீட்டர்கூடத் தள்ளி இல்லை. அதன் நடுக்கோட்டை வெறும் 12 மீட்டர் வடக்கே நகர்த்தி, சிறிய விமானங்கள் ஏறுவதற்கு மட்டும் தினசரி பயன்படுத்தலாம் என்ற திட்டத்துக்கு 2025-இல் அரசு ஒப்புதல் தந்தது. இரண்டாவது ஓடுபாதை கட்டமாட்டோம் என்று 1979-இல் அந்த நிலையம் 40 ஆண்டுக்கு ஒப்பந்தம் போட்டிருந்தது. பன்னிரண்டு மீட்டருக்கு நாற்பது ஆண்டு காத்திருக்க வேண்டியிருந்தது.

ஹீத்ரோவின் மூன்றாவது ஓடுபாதை இன்னும் நீளமான கதை. டேவிஸ் ஆணையம் 2015-இல் பரிந்துரைத்தது. நாடாளுமன்றம் 2018-இல் 415-க்கு 119 என்ற வாக்குகளில் ஏற்றது. 2020 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தட்டிவிட்டது. அதே டிசம்பரில் உச்ச நீதிமன்றம் மீட்டுக் கொடுத்தது. இடையில் கோவிட் வந்து வானத்தையே காலி செய்தது. காகிதத்தில் மலிவாகவும் விரைவாகவும் தெரியும் வழி, ஏற்கெனவே சத்தத்தோடு வாழும் மக்களின் தலைக்கு மேல் வரும்போது மலிவாகவும் இருக்காது, விரைவாகவும் இருக்காது.

ஃபிராங்க்பர்ட்டில் கட்டியே முடித்தார்கள். 2011 அக்டோபரில் நான்காவது ஓடுபாதை திறந்தது. கூடவே இரவு 11 முதல் அதிகாலை 5 வரை விமானங்களுக்குத் தடை வந்தது. பகலில் கூடிய கொள்ளளவு வேண்டுமென்றால் இரவில் இருந்ததை விட வேண்டும் என்ற நிலை. திங்கட்கிழமை தோறும் குடியிருப்பாளர்கள் டெர்மினலுக்குள்ளேயே போராட்டம் நடத்தினார்கள். கொள்ளளவு கணக்கில் இரவு நேரத்தை எழுதும் எவரும் அதன் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுவைப்பது நல்லது.

பக்கத்து நிலையங்களுக்குத் தள்ளுவது

அறிக்கைகளுக்கு மிகவும் பிடித்த வழி இது. பெரிய நிலையம் நிரம்புகிறது, சிறியவை காலியாக இருக்கின்றன, பகிர்ந்துகொள்ளட்டும். யார் மறுப்பார்?

மாண்ட்ரியால் இதை ஆணை போட்டுச் செய்து பார்த்தது. 1975-இல் மிராபெல் என்ற புதிய நிலையம் திறந்தது. சுமார் 39,000 ஹெக்டேர் நிலத்தைக் கையகப்படுத்தினார்கள். பண்ணைகளும் வீடுகளும் போயின. வெளிநாட்டு விமானங்கள் மிராபெலுக்கு, உள்நாட்டு விமானங்கள் பழைய டோர்வாலுக்கு என்று பங்கிட்டார்கள். ஐரோப்பாவிலிருந்து வந்து இன்னொரு கனடிய நகரத்துக்குப் போக வேண்டியவர் இரண்டு நிலையங்களுக்கு நடுவே பேருந்தில் போக வேண்டும். அவர் அதற்குப் பதில் டொராண்டோவில் இறங்கி விமானம் மாறினார். இணைக்கும் என்று சொன்ன விரைவு ரயில் வரவேயில்லை. 1997-இல் கட்டாயம் நீங்கியதும் நிறுவனங்கள் டோர்வாலுக்குத் திரும்பின. 2004-இல் கடைசிப் பயணி விமானமும் போனது. 2014-இல் டெர்மினலை இடிக்கத் தொடங்கினார்கள். யானையைக் கட்டித் தீனி போட்டுப் பார்த்து, கடைசியில் கொட்டிலையும் பிரித்தார்கள்.

டோக்கியோவிலும் அதே பங்கீடு: வெளிநாட்டுக்கு நரிதா, உள்நாட்டுக்கு ஹனேடா. நரிதா 1978-இல் விவசாயிகளின் கடும் எதிர்ப்புக்கு நடுவே திறந்தது. சில குடும்பங்கள் கடைசிவரை நிலத்தை விற்கவில்லை. அதனால் 2002-இல் திறந்த இரண்டாவது ஓடுபாதை திட்டமிட்ட நீளத்தை எட்டாமல் 2,180 மீட்டரில் நின்றது. இன்றும் விமானங்கள் ஊரும் பாதைகளுக்கு நடுவே காய்கறி வயல் இருக்கிறது. 2010-இல் ஹனேடாவில் நான்காவது ஓடுபாதை வந்ததும் வெளிநாட்டுச் சேவைகள் நகரத்தை ஒட்டிய அந்தப் பழைய நிலையத்துக்கே திரும்பத் தொடங்கின.

ஆணை போடாமலும் இது நடந்திருக்கிறது. பாஸ்டன் பக்கத்தில் பிராவிடன்ஸ், மான்செஸ்டர் என்ற இரண்டு சிறு நிலையங்கள். 1996-இலும் 1998-இலும் அவற்றுக்கு சவுத்வெஸ்ட் என்ற மலிவு விமான நிறுவனம் வந்தது. மலிவுக் கட்டணம், எளிய கார் நிறுத்தம். பாஸ்டனுக்குப் போக வேண்டியவர்கள் பலர் அங்கே திரும்பினார்கள். வட்டாரத் திட்டத்துக்குக் கிடைத்த வெற்றி என்று எல்லோரும் எழுதினார்கள். 2009-இல் அதே சவுத்வெஸ்ட் பாஸ்டனுக்குள்ளேயே நுழைந்தது. சிறு நிலையங்கள் இரண்டும் தேய்ந்தன.

நெதர்லாந்தில் ஆம்ஸ்டர்டாமின் பெரிய நிலையமான ஸ்கிபோலின் சுற்றுலா விமானங்களை வாங்கிக்கொள்ள லெலிஸ்டாடில் டெர்மினலும் ஓடுபாதையும் தயாராகிவிட்டன. திறப்பு மட்டும் ஆண்டுக்கு ஆண்டு தள்ளிப்போனது.

ஆகவே இந்த வழிக்கு என் நிபந்தனை ஒன்றே. அந்தச் சிறு நிலையத்துக்கு ஒரு மணி நேரப் பயணத்துக்குள் தனக்கென்று மக்கள்தொகை இருக்க வேண்டும். பெரியதிலிருந்து வழிவது அதற்குக் கூடுதலாக வரட்டும். வழிவதை மட்டும் நம்பும் நிலையம் மழையை நம்பிய குட்டைதான். குறைந்தபட்சம், அங்கே போக ஒரு விமான நிறுவனம் தானாக விரும்பிக் கையெழுத்திடும் வரை அந்தக் கொள்ளளவை வட்டாரக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

புதிதாகக் கட்டி, பழையதை மூடுவது

இதில் இரண்டாம் பாதிதான் முக்கியம். 1992 மே மாதம் ஒரே இரவில் மியூனிக் பழைய ரீம் நிலையத்தைக் காலி செய்து புதிய இடத்துக்குப் போனது. ஹாங்காங் 1998 ஜூலையில் கை டாக் நிலையத்தை அதேபோல் மூடியது. டென்வர் 1995-இல் ஸ்டேபிள்டனை மூடியது. தானியங்கிப் பை அனுப்பும் அமைப்பு பைகளைக் கிழித்துத் துப்பியதில் திறப்பு 16 மாதம் தள்ளிப்போனாலும், 12 ஓடுபாதைகள் வரை போட நிலம் வாங்கி வைத்திருந்ததால் இன்றும் அங்கே இடப் பேச்சே எழவில்லை. ஒசாகாவில் கடலை நிரப்பி 1994-இல் கான்சாய் கட்டினார்கள். மூடப்படும் என்று எதிர்பார்த்த பழைய நிலையமான இடாமியை மூடவில்லை. பின்னர் 2006-இல் கோபேயும் சேர்ந்தது. நகரத்துக்குப் பக்கத்தில் ஒன்று திறந்திருக்கும்போது தூரத்தில் இருப்பதற்கு ஆளை எப்படி இழுப்பது?

பழையதை மூட மனமில்லாத வட்டாரம் இந்த வழியைத் தேர்ந்தெடுத்தால், அது மூன்றாவது வழியைத்தான் நான்காவதின் விலையில் வாங்குகிறது.

ரயிலும் ஒரு வழிதான், ஆனால் குறுகியது. மாட்ரிட்–பார்சிலோனா இடையே 2008-இல் அதிவேக ரயில் வந்ததும் விமானங்கள் பெரும் பங்கை இழந்தன. தைவானில் 2007-இல் ரயில் வந்த ஐந்தாண்டில் தைபே–காவோசியுங் விமானமே நின்றுபோனது. விடுபட்ட ஸ்லாட்டுகள் காலியாக இருக்குமா என்றால், நிரம்பிய நிலையத்தில் அவற்றைத் தொலைதூர விமானங்கள் பிடித்துக்கொள்ளும். ரயில் நல்ல ஸ்லாட்டைத் தரும், ஓடுபாதையைத் தராது.

இவற்றை எந்த அளவுகோலால் ஒப்பிடுவது? லாப நஷ்டத்தை ஒரே தொகையாகச் சுருக்கும் முறையை 1968-இல் அமைந்த ராஸ்கில் ஆணையம் எல்லைவரை கொண்டுபோனது. லண்டனின் மூன்றாவது நிலையத்துக்கு இடம் தேடி, நார்மன் காலத் தேவாலயம் ஒன்றுக்குத் தீக்காப்பீட்டுத் தொகையை வைத்து விலைபோட்ட கணக்கு கேலிக்குள்ளானது. ஆணையம் 1971-இல் கப்ளிங்டனைப் பரிந்துரைத்தது. அரசு அதை விட்டுக் கடலோர மேப்ளினைத் தேர்ந்தெடுத்தது. 1974-இல் அதையும் கைவிட்டது.

நான் ஒவ்வொரு வழிக்கும் ஒரே கேள்வியைப் போடுவேன்: கணிப்பு பாதியாகப் பொய்த்தால் கையில் என்ன மிஞ்சும்? பிழிவதில் மிஞ்சுவது தாமதம் குறைந்த நிலையம். புதிய ஓடுபாதையில் மிஞ்சுவது செயின்ட் லூயிஸ். தள்ளிவிடுவதில் மிராபெல். அடுத்த கேள்வி, கணிப்பு இரட்டிப்பாகப் பலித்தால்? அப்போது பிழிவதை மட்டும் நம்பியவர்கள் மாட்டிக்கொள்வார்கள், ஏனென்றால் அதற்குள் நிலமெல்லாம் வீடாகியிருக்கும். ஆகவே கட்டுவதையும் நிலம் வாங்குவதையும் ஒரே முடிவாகப் பார்க்கக் கூடாது. லிஸ்பன் பல ஆண்டு இழுபறிக்குப் பின் 2024-இல் தன் புதிய நிலையத்துக்கு அல்கோஷெத்தேயைத் தேர்ந்தெடுக்க முடிந்ததற்கு, அங்கே இராணுவத்தின் துப்பாக்கிச் சுடும் பயிற்சித் திடல் திறந்த வெளியாகவே கிடந்ததும் ஒரு காரணம்.

சிட்னிதான் இதை விலாவாரியாகச் செய்தது, பாதி தற்செயலாக. அங்குள்ள பழைய நிலையத்துக்கு மணிக்கு 80 விமானம் என்ற சட்ட வரம்பும் இரவு 11 முதல் காலை 6 வரை தடையும் உண்டு. 1986-இலேயே பேட்ஜரிஸ் க்ரீக்கில் இரண்டாவது நிலையம் என்று அறிவித்து 1,700 ஹெக்டேருக்கு மேல் நிலத்தை வாங்கினார்கள். பிறகு ஆட்சிகள் மாறின, மனங்கள் மாறின, எதுவும் கட்டவில்லை. எல்லோரும் அதைத் தோல்வி என்றே பேசினார்கள். 2012-இல் மத்திய அரசும் மாநில அரசும் சேர்ந்து வட்டாரத்தின் விமானத் தேவையை ஆராய்ந்தபோது பேட்ஜரிஸ் க்ரீக்கே சிறந்த இடம் என்று வந்தது. நிலமும் கையில் இருந்தது. 2014-இல் முடிவெடுத்து, 2018-இல் மண் வெட்டினார்கள். முதல் கட்டத்தில் ஒரே ஓடுபாதை, ஆண்டுக்கு 1 கோடிப் பேர். இரண்டாவது ஓடுபாதைக்கு இடத்தை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். பயணிகள் 3.7 கோடியை நெருங்கும்போது, ஏறத்தாழ 2050-இல், அது தேவைப்படும் என்று திட்டத்தில் எழுதியிருக்கிறது. அதுவரை அங்கே புல்தான்.